நாளைக்கு ரொட்டி சுட யார் எழுவார்?

ஜெர்மனியில் 18 வயது நிரம்பாத இளையர்கள் பொதுவாகக் காலை 6 மணிக்கு முன்பு வேலை செய்யக்கூடாது. இளையரைப் பாதுகாக்கும் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதே சட்டம் பேக்கரிகளுக்கு ஒரு விலக்கும் அளிக்கிறது. 16 வயதைத் தாண்டியவர் அங்கே காலை 5 மணிக்கே வேலையைத் தொடங்கலாம். 17 வயதைத் தாண்டியவர் 4 மணிக்கே தொடங்கலாம். நம்மில் பலர் புரண்டு படுக்கும் அந்த நேரத்தில், ஒரு நாட்டின் காலை உணவு பதின்ம வயதினர் சிலரின் கைகளில் உருவாகிறது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சிங்கப்பூரிலிருந்து தென்மேற்கு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகருக்குச் சென்று, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அங்கே தங்கிப் படித்தேன். நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. மூவர் பல்கலைக்கழக மாணவர்கள். நான்காமவர் பேக்கரியில் தொழில் பழகும் 19 வயதுப் பெண். நாங்கள் இரவு உணவுக்கு உட்காரும்போது அவர் தூங்கப் போவார். நாங்கள் எழும்போது அவர் வேலை முடிந்து, சூடு ஆறாத ரொட்டிப் பையுடன் வீடு திரும்புவார். ஜெர்மானியரின் ரொட்டிப் பண்பாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்தச் சமையலறை மேசையில் கிடைத்தது.

மேசைமேல் என்ன இருக்கும்?

வார நாள்களில் ஜெர்மானியரின் காலை உணவு சுருக்கமானது. ஒரு துண்டு ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ் அல்லது பாலாடைக்கட்டி, காப்பி. பள்ளிகள் பெரும்பாலும் 8 மணிக்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் பிள்ளைகள் இடைவேளைக்கென்று ரொட்டியை டப்பாவில் எடுத்துச் செல்வார்கள். அதற்கு "பவுசன்புரோட்" என்று பெயர், அதாவது இடைவேளை ரொட்டி. மாலையில் வீடு திரும்பியதும் பல குடும்பங்களில் மீண்டும் ரொட்டிதான். அடுப்பு மூட்டாமல் ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரி என்று சாப்பிடும் அந்த இரவு உணவின் பெயரே "ஆபென்ட்புரோட்", அதாவது மாலை ரொட்டி.

ஞாயிற்றுக்கிழமை கதையே வேறு. வீட்டில் ஒருவர் எழுந்து அருகிலுள்ள பேக்கரிக்கு நடந்து போய், வரிசையில் நின்று, காகிதப் பை நிறைய சிறு ரொட்டிகளை வாங்கி வருவார். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் கையடக்க ரொட்டி அது. பொதுவாக அதற்கு "புரோட்ஷென்" என்று பெயர். ஆனால் ஊருக்கு ஊர் பெயர் மாறும். பவேரியாவில் "ஸெம்மல்", பெர்லினில் "ஷ்ரிப்பே", ஹம்பர்க்கில் "ருன்ட்ஷ்டூக்", நான் இருந்த பகுதியில் "வெக்லே". கடையில் ஒருவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே அவர் எந்த ஊர்க்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆளுக்கொரு சிறிய மரப்பலகை வைப்பார்கள். பலருக்குத் தட்டு அதுதான். ரொட்டியைக் கிடைமட்டமாக இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் தனித்தனியாக வெண்ணெய் தடவி, ஒன்றில் தேன், மற்றொன்றில் பாலாடைக்கட்டி என்று சாப்பிடுவார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடிக் கடிப்பது வழியில் நடந்துகொண்டே சாப்பிடும்போதுதான். குளிரூட்டிய இறைச்சித் துண்டுகளும் மேசையில் இருக்கும். அவை பெரும்பாலும் பன்றி இறைச்சி. நான் சைவம். இருந்தாலும் பாலாடைக்கட்டி, தயிர் போன்ற "குவார்க்", தேன், பழக்கூழ் என்று எனக்கும் மேசை நிறைந்தே இருந்தது.

அரைவேக்காட்டு முட்டைக்கென்று தனிக் கிண்ணமும் சிறு கரண்டியும் உண்டு. முட்டை எத்தனை நிமிடம் வேகவேண்டும் என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்சி இருக்கும். லோரியோ என்ற புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர், நான்கரை நிமிட முட்டைக்காகக் கணவனும் மனைவியும் காலைமேசையில் வாக்குவாதம் செய்வதை ஒரு குறுநாடகமாகவே படைத்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டு மாணவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஞாயிறு காலை உணவு எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் நீடிக்கும். கைத்தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் நாள் அது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பதை ஜெர்மனியின் அரசமைப்புச் சட்டமே பாதுகாக்கிறது. 1919ஆம் ஆண்டு எழுதப்பட்ட அந்த விதியை 1949ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஞாயிறன்று ரொட்டி இல்லாமல் முடியுமா? அதனால் அன்றைய தினம் விற்கும் ரொட்டியைச் சுட, பேக்கரி ஊழியர்கள் மூன்று மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று வேலைநேரச் சட்டம் விலக்கு தருகிறது. ஊரே ஓய்வெடுக்க வேண்டுமென்றால் யாரோ சிலர் அடுப்படியில் நிற்கவேண்டியிருக்கிறது.

மூவாயிரம் வகை எப்படி வந்தது?

ஜெர்மன் ரொட்டிக் கழகத்தின் பதிவேட்டில் 3,000க்கும் மேற்பட்ட ரொட்டி வகைகள் உள்ளன. முதலில் கேட்டபோது இது பெருமைக்காகச் சொல்லும் எண் என்றுதான் நினைத்தேன். பிறகு அதன் காரணங்கள் புரிந்தன. ஒன்று, வரலாறு. ஜெர்மனி 1871ஆம் ஆண்டு வரை ஒரே நாடாக இல்லை. சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களுமாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வோர் ஊருக்கும் சொந்த வழக்கமும் சொந்தச் செய்முறையும் நிலைத்தன.

இரண்டாவது, மண். குளிரையும் வளமற்ற மணற்பாங்கான நிலத்தையும் தாங்கி வளரும் தானியம் "ரை". வடக்கிலும் கிழக்கிலும் அது நன்றாக விளைந்தது. வெப்பம் சற்றுக் கூடுதலான தெற்கில் கோதுமை விளைந்தது. அதனால் வடக்கே போகப் போக ரொட்டி கறுக்கும், கனக்கும். தெற்கே வரும்போது நிறம் வெளுக்கும். நடுவில் இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்த ரொட்டிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பெயர் வைப்பதற்கும் கணக்கு இருக்கிறது. "ரை ரொட்டி" என்று விற்க வேண்டுமானால் மாவில் குறைந்தது 90 விழுக்காடு ரை இருக்கவேண்டும். "முழுதானிய ரொட்டி" என்றால் 90 விழுக்காடு முழுதானியமாக இருக்கவேண்டும்.

மூன்றாவது காரணம் வேதியியல். இங்கே அறிவியல் மாணவர்கள் சற்றுக் கவனிக்கலாம்.

கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் வெளியிடும் வாயு அந்த வலையில் சிக்கி ரொட்டியை உப்பவைக்கும். ரை மாவில் அந்த வலை சரியாக உருவாகாது. அதோடு, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் ரையில் மிகுந்த வீரியத்துடன் இருக்கின்றன. அடுப்பில் ரொட்டி வேகத் தொடங்கும்போதும் அவை வேலையை நிறுத்தாது. வெறும் ஈஸ்ட் போட்டு ரை ரொட்டி சுட்டால் நடுப்பகுதி பசைபோல் ஒட்டும்.

இதற்குத் தீர்வு புளிப்பு. மாவு புளிக்கும்போது உருவாகும் அமிலம் அந்த நொதிகளை அடக்கிவிடும். அதனால் ரை விளையும் நாட்டில் புளித்த மாவு தவிர்க்க முடியாத தேவையாயிற்று. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல், நேற்றைய புளித்த மாவில் சிறிதளவு எடுத்து இன்றைய மாவில் சேர்க்கிறார்கள். பழைய முறைப்படி இதை மூன்று கட்டங்களாகச் செய்வார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாவின் இளக்கமும் வெப்பநிலையும் வேறு. ஒரு கட்டத்தில் ஈஸ்ட் பெருகும், மற்றொன்றில் புளிப்பு கூடும். முழுச் சுற்றும் முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நம் வீட்டுத் தோசை மாவு ஓர் இரவில் முடிக்கும் வேலையை அவர்கள் மூன்றாகப் பிரித்துக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று சொல்லலாம்.

ஜெர்மன் கடைகளில் மாவுப் பொட்டலத்தின்மேல் 405, 550, 1050 என்று எண்கள் இருக்கும். விலையோ எடையோ என்று தோன்றும். உண்மையில் அது ஓர் ஆய்வுக்கூட முடிவு. 100 கிராம் மாவை முழுவதுமாக எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதே அந்த எண். தவிட்டில்தான் தாதுக்கள் அதிகம். ஆகவே எண் கூடினால் தவிடு அதிகம், மாவு கருமை. 405 கேக்கிற்கு, 550 சிறு ரொட்டிக்கு, 1050 நாட்டு ரொட்டிக்கு.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். வெஸ்ட்ஃபாலியா பகுதியின் "பும்பர்நிக்கல்" ஏறத்தாழ கறுப்பாகவே இருக்கும் ரை ரொட்டி. மூடிய அச்சுகளில், குறைந்த சூட்டில், குறைந்தது 16 மணி நேரம் அதை வேகவைக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் ரையிலுள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து அந்தக் கருநிறத்தையும் இலேசான இனிப்பையும் தருகின்றன. அடுத்து, முடிச்சுப் போட்டதுபோல் இருக்கும் "பிரெட்செல்". அடுப்பில் வைக்கும் முன்பு அதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் தொடக்கூடாத அதே காரம்தான். மேற்பரப்பு காரமாகும்போது செம்பழுப்பு நிறம் வேகமாக ஏறுகிறது. அடுப்பின் சூட்டில் அந்தக் காரம் கரியமில வாயுவுடன் சேர்ந்து தீங்கற்ற கார்பனேட்டாக மாறிவிடுகிறது.

நாள்காட்டியும் அடுப்பும்

குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்ததால், பேக்கரியின் சன்னலைப் பார்த்தே மாதத்தைச் சொல்லப் பழகிக்கொண்டேன். டிசம்பர் 6, புனித நிக்கலஸ் நாள். அதையொட்டி, உலர்திராட்சைக் கண்களுடன் மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டிகள் வந்தன. அந்த வட்டாரத்தில் அதை "டம்பெடை" என்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் வீடுகளில் பிஸ்கட் சுடும் நாள்கள். இலவங்கப்பட்டை நட்சத்திரங்களும் பிறை வடிவ வெனிலா பிஸ்கட்டுகளும் தகர டப்பாக்களில் நிறையும். புத்தாண்டுக்குப் பெரிய இனிப்பு பிரெட்செல் வரும். அதைக் குடும்பமாகப் பிய்த்துச் சாப்பிடுவார்கள்.

இவற்றுள் மிகப் புகழ்பெற்றது கிழக்கே டிரெஸ்டன் நகரின் "ஷ்டோலன்". உலர்பழங்களும் வெண்ணெயும் நிறைந்து, மேலே சர்க்கரைத் தூள் போர்த்திய கிறிஸ்துமஸ் ரொட்டி அது. தொடக்கத்தில் அதில் வெண்ணெயே கிடையாது. கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்கள் நோன்புக் காலம் என்பதால் திருச்சபை வெண்ணெயைத் தடை செய்திருந்தது. எண்ணெய் ஊற்றிப் பிசைந்த ரொட்டி சுவையற்று இருந்தது. சாக்சனி ஆட்சியாளர்கள் போப்பாண்டவரிடம் முறையிட்டார்கள். 1491ஆம் ஆண்டு எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி அளித்துக் கடிதம் அனுப்பினார். வரலாற்றில் அதன் பெயரே "வெண்ணெய்க் கடிதம்". இன்று டிரெஸ்டன் ஷ்டோலன் என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு பெற்றது. அந்நகரிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் சுட்டதைத்தான் அப்பெயரில் விற்கலாம்.

ரொட்டி எப்போதும் பண்டிகையாக மட்டும் இருந்ததில்லை. ஃபிரைபர்க் தேவாலயத்தின் நுழைவாயில் சுவரில் ரொட்டிகளின் அளவுகள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அருகே 1270, 1317 என்று ஆண்டுகள். சந்தையில் வாங்கிய ரொட்டியின் அளவு சரியா என்று மக்கள் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 1317ஆம் ஆண்டையொட்டிய காலம் ஐரோப்பாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம். உல்ம் நகரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரொட்டி அருங்காட்சியகத்திலும் பசி என்பது முக்கியமான பேசுபொருள். அங்கே ஓவியங்களும் கருவிகளும் இருக்கின்றன, பழைய ரொட்டி மட்டும் சேகரிப்பில் இல்லை. ரொட்டி அன்றன்றைக்குச் சுட்டு உண்ணவேண்டியது, காட்சிப்பொருள் ஆகக்கூடாது என்பது அவர்களின் கொள்கை.

மூன்றாண்டுப் படிப்பு

அந்தக் கொள்கையைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும் சுடத் தெரிந்தவர்கள் வேண்டும். ஜெர்மனி அதைக் குடும்பங்களின் கையில் மட்டும் விட்டுவிடவில்லை, கல்விமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

எங்கள் வீட்டுத் தோழி பத்தாம் வகுப்பு முடித்ததும் "ஆஸ்பில்டுங்" எனப்படும் தொழிற்பயிற்சியில் சேரத் தீர்மானித்தார். ஓராண்டு வேறு வேலை பார்த்துவிட்டு, பேக்கரி உரிமையாளர் ஒருவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். பயிற்சி மூன்று ஆண்டுகள். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள்களில் பேக்கரியில் வேலை. பள்ளியில் தானிய அறிவியல், உணவுச் சுகாதாரம், விலைக் கணக்கு, சமூகவியல் ஆகியவற்றைப் படிக்கிறார். பேக்கரியில் கைப்பழக்கம் வருகிறது. பயிற்சிக் காலத்தில் கட்டணம் இல்லை, மாறாக மாதச் சம்பளம் உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் பயிற்சியாளர்களுக்கான குறைந்தபட்சத் தொகையைச் சட்டமே நிர்ணயிக்கிறது.

இறுதித் தேர்வில் தேறினால் "கெசெல்லே", அதாவது தேர்ச்சி பெற்ற தொழிலாளர். அதன்பின் விரும்பினால் "மைஸ்டர்" தேர்வு எழுதலாம். அதில் நான்கு பகுதிகள்: செய்முறை, கோட்பாடு, வணிகமும் சட்டமும், பிறருக்குக் கற்பிக்கும் முறை. நான்காவது பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நன்றாகச் சுடத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியவேண்டும். ஜெர்மனியில் பேக்கரி நடத்தப் பொதுவாக உரிமையாளரோ பொறுப்பாளரோ மைஸ்டராக இருக்கவேண்டும். 2004ஆம் ஆண்டு பல தொழில்களுக்கு இந்த நிபந்தனையைத் தளர்த்தியபோதும் பேக்கரிக்குத் தளர்த்தவில்லை. தேசியத் தகுதிக் கட்டமைப்பில் மைஸ்டர் சான்றிதழும் பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் ஒரே நிலையில், ஆறாம் நிலையில், வைக்கப்பட்டுள்ளன.

இந்த முறை நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல. 1980களில் சிங்கப்பூரில் செயல்பட்ட ஜெர்மன்-சிங்கப்பூர் கழகம், தொழிற்சாலைச் சூழலையே வகுப்பறையாக்கிப் பாடம் நடத்தியது. பின்னர் அது நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியுடன் இணைந்தது.

ஒரு சனிக்கிழமை, மைஸ்டரின் அனுமதியுடன் பேக்கரியின் பின்கட்டுக்குள் நுழைந்தேன். நேரம் அதிகாலை 3 மணி. வெளியே உறைபனி, உள்ளே சட்டை நனையும் வெப்பம். அவர்கள் இருவரும் ஏறக்குறைய பேசிக்கொள்ளவே இல்லை. தோழி ஒரு மாவுருண்டையை இடக்கையிலும் மற்றொன்றை வலக்கையிலும் ஒரே நேரத்தில் உருட்டினார். நான் ஒன்றை உருட்டி முடிப்பதற்குள் அவர் ஒரு தட்டை நிரப்பியிருந்தார். வெந்த ரொட்டியை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார் மைஸ்டர். உள்ளே பொள்ளலாக ஒலித்தால் வெந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் வெப்பமானி இருந்தும் அவர் நம்பியது காதைத்தான். 6 மணிக்குக் கடை திறந்தபோது சன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் வாடிக்கையாளர் ஒரு பேருந்து ஓட்டுநர். வழக்கமான இரண்டு வெக்லேயை அவர் கேட்பதற்கு முன்பே பையில் போட்டுக் கொடுத்தார் விற்பனைப் பெண்மணி.

மூடும் கதவுகள்

நவம்பரில் அந்தக் கடைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஜனவரி 31ஆம் தேதியுடன் பேக்கரி மூடப்படும். மைஸ்டருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. மகனும் மகளும் வேறு துறைகளில் இருக்கிறார்கள். கடையை வாங்கி நடத்த ஆள் தேடினார். கிடைக்கவில்லை.

இது அந்தத் தெருவின் கதை மட்டுமல்ல. 1950களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட பேக்கரி நிறுவனங்கள் இருந்தன. இன்று ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதும் சேர்த்தே 10,000க்கும் குறைவு. மக்கள் ரொட்டியை விட்டுவிடவில்லை, வாங்கும் இடம் மாறியிருக்கிறது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்கள் வளர்ந்தன. மலிவுவிலைப் பேரங்காடிகள், பாதி சுட்டு உறையவைத்த ரொட்டிகளைக் கடையிலேயே சூடேற்றி விற்கின்றன. அவை சூடாகவும் மலிவாகவும் இருக்கும். மாணவர்களான நாங்களும் மாதக் கடைசியில் அங்கேதான் போனோம்.

நேரமும் ஒரு காரணம். முதல் உலகப்போரின்போது, 1915ஆம் ஆண்டு, தானியத்தைச் சிக்கனப்படுத்த இரவில் ரொட்டி சுடுவதை ஜெர்மனி தடை செய்தது. போர் முடிந்த பிறகும் தொழிலாளர் நலனுக்காக அத்தடை நீடித்தது. 1996ஆம் ஆண்டுதான் அது நீக்கப்பட்டது. அதன்பின், விடியும் முன்பே எல்லா வகையும் அடுக்கில் இருக்கவேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கத் தொடங்கினர். பெரிய நிறுவனங்களால் இரவு முழுவதும் ஆள் வைத்துச் சுடமுடியும். கணவனும் மனைவியும் ஒரு பயிற்சியாளருமாக நடத்தும் கடைக்கு அது பெரும் சுமை.

இளையர்கள் தயங்குவதில் வியப்பில்லை. நண்பர்கள் சேர்ந்து வெளியே போகும் வெள்ளிக்கிழமை இரவில் இவர் தூங்கவேண்டும். ஜெர்மன் மொழியில் வருமானம் தராத படிப்பை "ரொட்டி தராத கலை" என்பார்கள். ரொட்டி சுடும் கலைக்கே ஆள் கிடைக்காமல் போவது எப்படிப்பட்ட முரண் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். தோழி சிரித்தார். ஆனால் எங்களிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்டார். நால்வரும் தினமும் ரொட்டி சாப்பிடுகிறோம், அந்தப் பண்பாட்டை மெச்சுகிறோம். எங்கள் மூவரில் ஒருவராவது பள்ளியில் படிக்கும்போது இந்தத் தொழிலை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தோமா? யாரிடமும் பதில் இல்லை.

ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு 2014ஆம் ஆண்டு அந்நாட்டு யுனெஸ்கோ ஆணையத்தின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் மே 5ஆம் தேதி ஜெர்மன் ரொட்டி நாளாகக் கொண்டாடப்படுகிறது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றபோது நாமும் மகிழ்ந்தோம். பட்டியல் பெருமை தரும். காலையில் எழுந்து மாவு பிசைய ஆள் தராது. ஜெர்மனியிடம் பயிற்சித் திட்டம், சட்டப் பாதுகாப்பு, பட்டத்துக்கு இணையான தகுதி எல்லாம் இருக்கின்றன. அப்படியும் அந்தத் தெருப் பேக்கரியை எடுத்து நடத்த ஒருவர் கிடைக்கவில்லை. இவை எதுவும் இல்லாத கைத்தொழில்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதே வேளையில் மறுபக்கத்தையும் பார்த்தேன். சில இளம் மைஸ்டர்கள் ரொட்டி வகைகளைக் குறைத்து, மாவை நீண்ட நேரம் புளிக்கவிட்டு, பகல் நேரத்தில் சுட்டு விற்கிறார்கள். அதிகாலை வேலை அவர்களுக்கு இல்லை. வாடிக்கையாளர் பிற்பகலில் வந்து வாங்குகிறார். விலை கூடுதல்தான், ஆனாலும் வரிசை நிற்கிறது. வெளிநாடுகளிலிருந்து வந்து மொழி கற்று இப்பயிற்சியில் சேரும் இளையர்களும் இருக்கிறார்கள்.

ஜனவரி 31 அன்று பேக்கரியில் மதியத்திற்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பல ஆண்டு வாடிக்கையாளர்கள் பூங்கொத்துடன் வந்தார்கள். தோழிக்கு இறுதித் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. கைவினைத் தொழில் சங்கத்தின் உதவியுடன், பக்கத்து ஊர் பேக்கரி ஒன்று அவருடைய பயிற்சி ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே வேலை தொடங்கும் நேரத்தில் ரயில் ஓடாது. பிப்ரவரிக் குளிரில் சைக்கிளில் போனார்.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு, ஜூலையில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. தேர்ச்சி பெற்றுவிட்டார். அதே பேக்கரியில் கெசெல்லேயாக வேலை கிடைத்திருக்கிறது. மைஸ்டர் படிப்பா என்று கேட்டேன். அதற்குப் பணமும் நேரமும் வேண்டும், இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். ஆனால் பழைய தெருவில் அந்தக் கடையிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றும், அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சன்னலில் எட்டிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

பரிமாற்றத் திட்டத்திலோ சுற்றுலாவிலோ நீங்கள் ஜெர்மனிக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாக எழுந்திருங்கள். அடுப்பு கடையிலேயே இருக்கும் பேக்கரியாகத் தேடிப் போங்கள். சுவரில் மைஸ்டர் சான்றிதழ் மாட்டியிருக்கலாம். அந்த ஊரில் சிறு ரொட்டிக்கு என்ன பெயரோ அதைச் சொல்லிக் கேளுங்கள், ரை ரொட்டியில் ஒரு பாதியும் வாங்குங்கள். பின்கட்டில் மாவு படிந்த கையுடன் உங்கள் வயதுள்ள ஒருவர் நின்றால், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.